தோளின் சுதந்திரமும் அதன் காவலும்

 

இதயத்தைப் பற்றியும் மூளையைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். அவ்வங்கங்களுக்கு மக்கள் மனத்தில் இயல்பாகவே ஒரு கௌரவம் உண்டு. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட அங்கமோ அத்தகைய கௌரவம் எதையும் கோராதது. பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுப்பது, கூந்தலைப் பின்னுவது, முதுகு தேய்த்துக் குளிப்பது, கோபுரத்தைக் கண்டதும் இரு கைகளையும் சிரமேல் குவிப்பது ஆகிய அத்தனை காரியங்களையும் நாம் நினைத்த மாத்திரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு, வலி என்ற ஒன்று வந்த பிறகே தான் இருப்பதை நமக்கு அறிவிக்கின்ற அந்த அங்கம் தோள்.

நம் சரீரத்தின் பெரிய மூட்டுகளுள் எல்லாவற்றையும்விட அதிகச் சுதந்திரம் பெற்றது எது? தோள். அவற்றுள் எல்லாவற்றையும்விட எளிதில் இடம்விட்டு நழுவுவது எது? அதுவும் தோளே. இவ்விரண்டு குணங்களும் தற்செயலாக ஓரிடத்தில் வந்து சேர்ந்தவையல்ல. எலும்பு தரக்கூடிய பாதுகாப்பை விட்டுக்கொடுத்துத்தான் தோள் தன் சுதந்திரத்தைப் பெற்றிருக்கிறது. விட்டுக்கொடுத்த அந்தப் பாதுகாப்பைத் தசைகள் ஒவ்வொரு கணமும் உழைத்து ஈடுசெய்கின்றன. எலும்பு நம்மைக் கேளாமலே காவல் காக்கும். தசையோ தன்னை ஆளும் நரம்பும், தன்னோடு சேர்ந்து உழைக்கும் மற்றத் தசைகளும் சரியாக இருந்தால்தான் காவல் காக்கும். தோளைப் பற்றி இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு கருத்தைத்தான். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கமாக வருபவை.

முதலில் எலும்புகளைப் பார்ப்போம். அவற்றைப் படத்தில் பார்ப்பதைவிட உங்கள் உடம்பிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. இடக்கை விரலைக் கழுத்தின் அடியில், மார்பெலும்புக்கு மேலே தெரியும் பள்ளத்தில் வையுங்கள். அங்கிருந்து மெல்ல வலப்பக்கமாக நகர்த்தினால் புடைப்பான ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதுதான் காறை எலும்பின் தொடக்கம். அதன் மேலேயே விரலை ஓட்டிச் செல்லுங்கள். முதலில் முன்புறம் வளைந்தும், பிறகு பின்புறம் வளைந்தும் அது தோளின் உச்சியை நோக்கிப் போவதை உணர்வீர்கள். உச்சியில் அது சந்திப்பது முதுகுப் பக்கத்திலிருந்து வளைந்து வந்து கூரையாக நிற்கும் மற்றோர் எலும்பின் முனையை. தோளுச்சி என்று நாம் சொல்லக்கூடிய அந்த முனை தோள்பட்டை எலும்பைச் சேர்ந்தது. அந்தக் கூரைக்குக் கீழே, சதைக்குள் மறைந்து, உருண்டையான தலையோடு மேற்கை எலும்பு தொங்குகிறது. காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, மேற்கை எலும்பு ஆகிய இம்மூன்றே தோளுக்குரிய எலும்புகள்.

இப்போது ஒரு கேள்வி. நம்முடைய கை உடம்போடு எந்த இடத்தில் எலும்பால் இணைக்கப்பட்டிருக்கிறது? தோள்பட்டையில் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் பின்புறத்தில், ஏறக்குறைய இரண்டாம் விலாவிலிருந்து ஏழாம் விலாவரை பரவிக் கிடந்தபோதிலும், அந்த விலாக்களில் ஒன்றோடுகூட அது மூட்டப்பட்டிருக்கவில்லை. தசைகளின் மெத்தைமேல் தசைகளாலேயே இழுத்து நிறுத்தப்பட்டு, வழுக்கி நகரும்படி அது அமைந்திருக்கிறது. ஆகவே, கை முழுவதும் உடலின் நடுக்கூட்டோடு எலும்புக்கு எலும்பாகச் சேருமிடம், நீங்கள் சற்று முன் விரல் வைத்துப் பார்த்தீர்களே, காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் அந்தச் சிறிய மூட்டு ஒன்றேதான்! மூட்டை சுமக்கும் தொழிலாளியின் கையும், ஏர் பிடிக்கும் உழவனின் கையும், வீணை மீட்டும் கலைஞரின் கையும் உடலோடு எலும்பால் பிணைந்திருப்பது அந்த ஓரிடத்தில்தான் என்றால் ஆச்சரியமாக இல்லையா?

காறை எலும்பைப் பற்றி மேலும் சிறிது சொல்ல வேண்டும். கருப்பையில் சிசு உருவாகும்போது, ஐந்தாம் ஆறாம் வாரங்களிலேயே, மற்ற எலும்புகளுக்கெல்லாம் முந்திக்கொண்டு எலும்பாகத் தொடங்குவது அது. அதன் உள்முனையோ வளர்ச்சி முடிந்து ஒன்றுசேர இருபத்தைந்து வயதுவரைகூட எடுத்துக்கொள்கிறது. அது செய்யும் வேலை, தோளை மார்பிலிருந்து அப்பால் தள்ளி முட்டுக்கொடுத்து நிற்பது. பசுவுக்கும் குதிரைக்கும் காறை எலும்பு கிடையாது. அவற்றின் முன்னங்கால்கள் தசைகளாலேயே உடலோடு பிணைக்கப்பட்டு, மார்பை ஒட்டியபடி முன்னும் பின்னும் வீசுவதற்கு ஏற்றவையாக இருக்கின்றன. ஓடுவதற்கு அதுவே சௌகரியம். கிளைக்குக் கிளை தாவும் குரங்குக்கும், கையை எத்திசையிலும் நீட்டிப் பிடிக்கும் மனிதனுக்கும் அந்த முட்டு இன்றியமையாதது. பிறவியிலேயே காறை எலும்புகள் இல்லாதவர்களும் அபூர்வமாக உண்டு. அவர்கள் தம் இரண்டு தோள்களையும் மார்புக்கு முன்னால் கொண்டுவந்து ஏறக்குறைய ஒன்றோடொன்று தொடும்படி செய்துவிடுவார்கள். முட்டு இல்லாவிட்டால் தோள் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டியதில்லை. சைக்கிளிலிருந்து தோள் அடிபட விழுந்தவர்களுக்கும் கை நீட்டி விழும் குழந்தைகளுக்கும் அடிக்கடி முறிகின்ற எலும்பாக அது இருப்பதற்கும் காரணம், கையில் விழும் அடியெல்லாம் உடலுக்கு வந்து சேரும் எலும்புவழி அது ஒன்றே என்பதுதான்.

இனித் தோள்மூட்டுக்கு வருவோம். மேற்கை எலும்பின் உருண்டைத் தலையும் தோள்பட்டை எலும்பின் குழியும் சேருமிடம் அது. பந்துக்கிண்ண மூட்டு என்று பாடப்புத்தகங்கள் அதை அழைக்கின்றன. இடுப்பு மூட்டும் பந்துக்கிண்ண மூட்டே. ஆனால் இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் நன்றாக அமிழ்ந்து கிடக்கிறது. தோளிலோ கிண்ணம் என்று சொல்லத்தக்க ஆழமே இல்லை. தலை பெரியது, குழி சிறியது, தட்டையானது. எந்த நிலையில் கையை வைத்தாலும், தலையின் பரப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பள்ளி விளையாட்டு விழாக்களில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு குழந்தைகள் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கரண்டிக்கு ஆழம் போதாது. பழமோ உருண்டோடப் பார்க்கிறது. வெற்றி பெறும் குழந்தை என்ன செய்கிறது? பழம் சாயும் பக்கமெல்லாம் கரண்டியைத் தானும் சாய்த்து, எப்போதும் பழத்துக்கு அடியிலேயே கரண்டி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. தோளின் இரகசியம் முழுவதும் அந்தக் குழந்தையின் சாமர்த்தியத்தில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. எப்படி என்பதைச் சற்றுப் பொறுத்து விளக்குகிறேன்.

அதற்கு முன், கை அசையாமல் தொங்கும்போது தலை ஏன் நழுவி விழவில்லை என்று கேட்க வேண்டும். குழியின் விளிம்பைச் சுற்றி நார்த்தன்மையுள்ள ஒரு வளையம் இருந்து, குழிக்குச் சற்று ஆழம் சேர்க்கிறது. அதையும் எலும்புத் தலையையும் சுற்றி மூட்டுறை என்னும் தளர்ந்த உறை இருக்கிறது. கையை மேலே தூக்க இடம் வேண்டும் என்பதற்காக அக்குளின் பக்கம் அது மடிப்பாகத் தொங்குகிறது. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத காவலன் ஒருவனும் உண்டு. மூட்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்தது. ஆகையால் காற்றே தலையைக் குழியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறது. குமார், பாலசுப்பிரமணியம் என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1985-ஆம் ஆண்டில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். இறந்தோர் உடலில் தசைகளை நீக்கிய பிறகும், மூட்டுறை பழுதின்றி இருந்தவரை எலும்பு தன் இடத்தில் நின்றது. உறையில் சிறு துளையிட்டுக் காற்றை உள்ளே விட்டபோதோ தலை கீழே இறங்கிவிட்டது! நாம் நாள்தோறும் கைவீசி நடக்கும்போது வாயுமண்டலம் நமக்கு இப்படி ஓர் ஊழியம் செய்துகொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

ஆனால் தொங்கும் கைக்குப் போதுமான இந்த ஏற்பாடு உழைக்கும் கைக்குப் போதாது. உழைக்கும் கைக்குத் தசைகள் வேண்டும். தோள்பட்டை எலும்பில் மட்டும் பதினேழு தசைகள் வந்து பற்றுகின்றன. அத்தனையையும் பெயர் சொல்லி உங்களைச் சோதிக்கமாட்டேன். இரண்டு கூட்டத்தாரை மட்டும் அறிமுகம் செய்கிறேன்.

தோளுக்கு உருண்டு திரண்ட வடிவம் தருவது டெல்டாயிடு என்னும் பெரிய முக்கோணத் தசை. சிற்பிகள் வீரனின் தோளில் செதுக்கிக் காட்டுவது அதைத்தான். முன், நடு, பின் என மூன்று பகுதிகளாகத் தோளின் கூரையிலிருந்து இறங்கி, மேற்கை எலும்பின் நடுப்பகுதிக்கு அருகே அது பற்றிக்கொள்கிறது. கையை உயர்த்தும் பெரும்பலம் அதனுடையது. ஆனால் அது இருக்கும் இடத்தைச் சற்றுக் கவனியுங்கள். கை தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் அந்தத் தசை எலும்பை எந்தத் திசையில் இழுக்கும்? பக்கவாட்டில் அல்ல, பெரும்பாலும் நேரே மேல்நோக்கித்தான் இழுக்கும். அது தனியே இழுத்தால் கை உயர்வதற்குப் பதிலாக, எலும்பின் தலை வழுக்கி மேலேறிக் கூரையில் போய் இடித்துக்கொள்ளும். பலம் இருக்கிறது, பலத்துக்கு ஆதாரமான அச்சு இல்லை.

அந்த அச்சைத் தருபவர்கள் இரண்டாவது கூட்டத்தார். வெளியே தெரியாமல் ஆழத்தில் கிடக்கும் நான்கு சிறிய தசைகள் அவர்கள். மேலே சூப்ராஸ்பைனேட்டஸ், பின்னே இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், அதன் கீழே டெரஸ் மைனர், முன்னே சப்ஸ்கேப்புலாரிஸ். இந்நான்கின் தசைநாண்களும் மூட்டுறையோடு பின்னிப்பிணைந்து, எலும்புத் தலையை மேலும் முன்னும் பின்னுமாகச் சூழ்ந்து பற்றிக்கொள்கின்றன. டெல்டாயிடு எலும்பை மேலே இழுக்கும் அதே கணத்தில், இந்நால்வரும் தலையை உள்நோக்கியும் கீழ்நோக்கியும் இழுத்துக் குழியில் அழுத்திப் பிடிக்கிறார்கள். ஒருவர் மேலே இழுக்க, மற்றவர் கீழே பிடிக்க, இரண்டு எதிரெதிர் விசைகளும் சேர்ந்து தலையைச் சுழலச் செய்கின்றன, கை எழுகிறது. கையைத் தூக்கும் முதல் 15 பாகை சூப்ராஸ்பைனேட்டஸின் வேலை, பிறகே டெல்டாயிடின் வேலை என்று வெகுகாலம் கற்பித்துவந்தார்கள். தசைகளில் எழும் மின்னசைவைப் பதிவு செய்யும் கருவிகள் வந்தபின், இருவரும் தொடக்கம் முதல் முடிவுவரை சேர்ந்தே உழைக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று.

இப்போது கை முழுதாக எழும் அந்த மகத்தான சலனத்தைப் பார்ப்போம். தோளில் வலி இல்லாதவர்கள் மட்டும் என்னோடு செய்யுங்கள். வலக்கையை உள்ளங்கை பின்புறம் பார்க்கும்படி உட்புறமாக நன்றாகத் திருகித் தொங்கவிட்டு, அந்தத் திருகலை விடாமல் பக்கவாட்டில் உயர்த்துங்கள். தோள்மட்டத்துக்குச் சற்று மேலே வந்ததும் கை தடுமாறி நின்றுவிடும். இப்போது உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி கையைத் திருப்புங்கள். கை தடையின்றிக் காதுவரை எழுகிறது அல்லவா? மேற்கை எலும்பின் தலைக்கு வெளிப்புறத்தில் ஒரு முண்டு இருக்கிறது. திருப்பாமல் உயர்த்தினால் அது கூரையில் முட்டும். வெளிப்புறமாகத் திருப்பினால் முண்டு பின்னே ஒதுங்கி வழி விடுகிறது. நாள்தோறும் நாம் அறியாமலே இந்தத் திருப்பத்தைச் செய்துகொண்டிருக்கிறோம்.

அதுமட்டுமா? பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அனுமதித்தால் அவருடைய தோள்பட்டை எலும்பின் கீழ்மூலையில் விரலை வைத்துக்கொண்டு, கையை உயர்த்தச் சொல்லுங்கள். கை எழ எழ அந்த மூலை முதுகெலும்பை விட்டு விலகி, அக்குளை நோக்கி முன்னே நகர்ந்துகொண்டே போகும். கரண்டி பழத்துக்கு அடியில் சாய்கிறது என்று நான் சொன்னது இதைத்தான்! தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின்மேல் சுழன்று, தன் குழியை மேல்நோக்கித் திருப்பி, எழும் கைக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறது. தலைக்கு மேலே கை 180 பாகை எழுந்தால், அதில் ஏறக்குறைய 120 பாகை தோள்மூட்டில் நிகழ்வது. மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைப்பது. இரண்டுக்கு ஒன்று என்னும் இந்த விகிதம் ஆளுக்கு ஆள் சற்று மாறும். தூக்கும் சுமைக்கும் வேகத்துக்கும் ஏற்பவும் மாறும். ஆனால் அசைவில் இருவருக்கும் பங்கு உண்டு என்பது மாறாது.

இந்தச் சுழற்சியைச் செய்விப்பவை கழுத்திலும் முதுகிலும் பரந்த டிரப்பீசியஸ் தசையும், விலாக்களிலிருந்து எழுந்து தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பைப் பற்றும் செரேட்டஸ் தசையும். செரேட்டஸுக்கு வரும் நரம்பு மார்பின் பக்கமாக நீண்டு இறங்குவது. அது பழுதுபட்டால், கையால் சுவரைத் தள்ளும்போது தோள்பட்டை எலும்பின் விளிம்பு முதுகிலிருந்து புடைத்து எழுந்து நிற்கும். அப்படிப்பட்டவரின் டெல்டாயிடு எவ்வளவு வலுவாக இருந்தாலும் அவரால் கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்க முடியாது. பிரெஞ்சு வைத்தியர் துஷேன் உயிருள்ள மனிதர்களின் தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து, 1867-இல் உடலசைவுகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். எந்தத் தசையும் தனியாக ஓர் அசைவைச் செய்வதில்லை என்னும் உண்மை அவருடைய ஆராய்ச்சியில் துலங்கியது.

1944-இல் இன்மன், சாண்டர்ஸ், ஆபட் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். உயிருள்ள மனிதரின் காறை எலும்பில் ஊசி ஒன்றைப் பொருத்தி, கை எழும்போது அந்த ஊசி எப்படித் திரும்புகிறது என்று பார்த்தார்கள். காறை எலும்பு மேலே எழுவதோடு நிற்காமல், தன் நீள அச்சிலேயே 40 பாகை அளவுக்குப் பின்னோக்கிச் சுழல்கிறது என்பதும், அந்தச் சுழற்சியைத் தடுத்தால் கை முழுதாக எழாது என்பதும் வெளிப்பட்டன. மார்பெலும்புக்குப் பக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தோமே, அந்தச் சிறிய மூட்டுவரை கையின் அசைவில் பங்கு இருக்கிறது.

மாணவர்களுக்காக மற்றொரு விளையாட்டு. வலக்கையைக் கட்டைவிரல் முன்னே பார்க்கும்படி தொடையோரம் தொங்கவிடுங்கள். கையைத் திருகாமல் பக்கவாட்டில் தோள்மட்டத்துக்கு உயர்த்துங்கள். அதே மட்டத்தில் முன்னே கொண்டுவாருங்கள். பிறகு நேரே கீழே இறக்குங்கள். இப்போது கட்டைவிரல் எங்கே பார்க்கிறது? தொடையைப் பார்க்கிறது! கையை ஒருமுறைகூடத் திருகாமலே அது கால் சுற்றுத் திரும்பிவிட்டது. இந்தப் புதிரைத் தோள் வைத்தியர்கள் பாஸ்டன் நகரத்து ரண வைத்தியர் காட்மனின் பெயரால் அழைக்கிறார்கள். அந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் தோளைப் பற்றிப் பேசி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

எர்னஸ்ட் அமோரி காட்மன் 1869-இல் பிறந்தவர். தோளின் கூரைக்கும் சூப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணுக்கும் இடையே இருக்கும் வழவழப்பான சிறு பையையும், அந்தத் தசைநாண் கிழிவதையும் ஆராய்ந்து, கிழிந்த தசைநாணைத் தைத்துச் சீராக்கியதை 1911-இல் எழுதி வெளியிட்டார். ஆனால் அவருடைய வாழ்க்கையைத் திசைதிருப்பியது வேறொரு நம்பிக்கை. சிகிச்சை பெற்றுச் சென்ற ஒவ்வொரு நோயாளியையும் ஆஸ்பத்திரி பின்தொடர்ந்து விசாரித்து, குணமாயிற்றா, இல்லையென்றால் ஏன் ஆகவில்லை என்று எழுதிவைத்து, அதை ஊரறிய வெளியிட வேண்டும் என்று அவர் வாதாடினார். தாம் நடத்திய சிறிய ஆஸ்பத்திரியில் 337 நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையில் 123 பிழைகள் நேர்ந்தன என்று தாமே கணக்கெடுத்து அச்சிட்டார். இப்படிப்பட்டவரைச் சகாக்கள் எப்படி வரவேற்றிருப்பார்கள்? 1915-இல் பொதுக்கூட்டம் ஒன்றில், உண்மையைக் காண விரும்பாத வைத்திய உலகைக் குறிக்கும் கேலிச்சித்திரம் ஒன்றை அவர் திரைவிலக்கிக் காட்டியபோது பெரும் கொந்தளிப்பு எழுந்தது. பதவிகளையும் நண்பர்களையும் இழந்தார். 1934-இல் தோளைப் பற்றிய தம் பெருநூலைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1940-இல் இறந்தபோது அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 2014-ஆம் ஆண்டில்தான் ரண வைத்தியர்கள் நன்றியோடு அங்கே ஒரு கல்லை நிறுத்தினார்கள். தோளும் தோள்பட்டையும் சேர்ந்து அசையும் ஒழுங்கைப் பெயரிட்டு வழங்கச் செய்தவர் அவரே. இன்று நோயாளியின் உரிமை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அவர் தனியாக நின்று கேட்டது என்பதை இங்கே இருக்கும் வருங்கால வைத்தியர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குத் தோள் கொடுக்கும் விலையை இனிப் பார்ப்போம். முதலாவது, மூட்டு நழுவுவது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சமயங்களில் எலும்புத் தலை முன்பக்கமாகவே நழுவுகிறது. கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பிய நிலையில் பலமாக அடிபட்டால் இது நேரும். இது மனிதன் அறிந்த மிகப் பழைய துன்பங்களுள் ஒன்று. கிரேக்க வைத்தியரான ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்கள், குதிகாலை அக்குளில் ஊன்றிக் கையை இழுத்தும், ஏணியின்மேல் கையைத் தொங்கவிட்டும், உலக்கை போன்ற கட்டையை அக்குளுக்குக் கொடுத்தும் நழுவிய தோளை ஏற்றும் முறைகளை விவரிக்கின்றன. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையும் தோள்மூட்டு நழுவினால் உலக்கையால் அக்குளை உயர்த்தி, தலை தன் ஸ்தானத்தில் அமர்ந்தபின் கட்டுப்போட வேண்டும் என்கிறது. இரண்டு தேசத்து வைத்தியர்கள் ஒரே கருவியை எடுத்துக்கொண்டது எனக்குப் பெருவியப்பைத் தருகிறது. ஆயினும் ஒரு வேண்டுகோள்: யாரும் வீட்டில் இவற்றைச் செய்து பார்க்க வேண்டாம். அக்குளில்தான் கைக்குரிய பெரிய இரத்தக்குழாயும் நரம்புக் கற்றைகளும் செல்கின்றன. டெல்டாயிடை ஆளும் நரம்பு மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றி வளைந்து போகிறது. முறிவு இருக்கிறதா என்று பாராமல் இழுப்பவர் அந்த நரம்பைப் பாழாக்கிவிடக்கூடும். ஒருமுறை நழுவிய தோள், அதிலும் இளைஞரின் தோள், மீண்டும் மீண்டும் நழுவுவது ஏன் என்பதற்கு இலண்டன் ரண வைத்தியர் பாங்கார்ட் 1923-இல் விடை சொன்னார். குழியின் விளிம்பு வளையம் முன்பக்கத்தில் பிய்ந்து, மறுபடி ஒட்டாமலே நின்றுவிடுகிறது என்பதே அந்த விடை.

இரண்டாவது, தசைநாண் கிழிவது. வயது ஏற ஏற, கூரைக்கு அடியில் உழைக்கும் சூப்ராஸ்பைனேட்டஸின் நாண் நலிந்து, பலருக்கு வலிகூட இல்லாமல் கிழிந்துபோகிறது. கிழிவு பெரிதாகி, நால்வர் கூட்டம் கலைந்தால் என்ன ஆகும்? முன்னே சொன்னபடி டெல்டாயிடு தனித்து நின்று தலையை மேலே இழுக்கும், கை எழாது. அத்தகைய தோளுக்கு வழக்கமான செயற்கை மூட்டு வைத்தாலும் பயன் குறைவே. செயற்கைத் தோளின் கதையோ பழையது. 1893-இல் பாரிஸ் நகரில் பெயான் என்னும் ரண வைத்தியர், க்ஷயரோகத்தால் தோள் அரிக்கப்பட்ட ஒரு ரொட்டிக் கடைக்காரருக்கு, பல் வைத்தியர் ஒருவர் பிளாட்டினத்தாலும் ரப்பராலும் செய்து கொடுத்த தோளைப் பொருத்தினார். நோய் மீண்டும் தலைதூக்கியதால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் அதை அகற்ற நேர்ந்தது. 1985-இல் பிரான்சு தேசத்துக் கிராமோன் ஒரு துணிச்சலான யோசனை செய்தார். பந்து இருந்த இடத்தில் கிண்ணத்தையும், கிண்ணம் இருந்த இடத்தில் பந்தையும் வைத்தால் என்ன? அப்படி வைத்தபோது சுழலும் அச்சு உடலை நோக்கி உள்ளே நகர்ந்தது; டெல்டாயிடுக்கு நெம்புகோலின் நீளம் கூடியது; தலை மேலேறி இடித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. நால்வரும் இல்லாத தோளில் டெல்டாயிடு ஒன்றே கையை உயர்த்தியது! காவலர்கள் செய்துவந்த வேலை எவ்வளவு பெரியது என்பதை, அவர்கள் இல்லாத தோளுக்கு எலும்பையே தலைகீழாக மாற்ற வேண்டியிருந்ததிலிருந்து நாம் அளந்துகொள்ளலாம்.

கடைசியாக, இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு அனுபவத்தில் தெரிந்த ஒன்று. தோள் இறுக்கம் என்றும் உறைந்த தோள் என்றும் அதைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில், பெண்களுக்குச் சற்று அதிகமாகவும், நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாகவும் வருவது. அக்குளில் மடிப்பாகத் தொங்க வேண்டிய மூட்டுறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. மடிப்பு போனால் கை எழ இடம் ஏது? முதலில் இரவில் உறங்கவிடாத வலி. பிறகு வலி தணிந்து இறுக்கம். பிறகு மெல்ல மெல்ல இளக்கம். இது முழுதும் நடந்து முடிய ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகள்வரைகூட ஆகும். கையை வெளிப்புறம் திருப்புவதுதான் பெரும்பாலும் முதலில் தடைப்படும். பிறகு மற்ற அசைவுகளும் குறைவதால் ரவிக்கை அணிவதும், தலை வாருவதும், சட்டையின் பின்புறத்தைச் சரிசெய்வதும் துன்பமாகின்றன. வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று எண்ணிக் கையைக் கட்டிப்போட்டுவிடும் தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது, இது பெரும்பாலும் தீரக்கூடிய நோய் என்பதுதான். வைத்தியரிடம் காட்டுங்கள், சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

காட்மன் சொல்லிக் கொடுத்த எளிய பயிற்சி ஒன்றை வைத்தியர்கள் இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல கையை மேசைமேல் ஊன்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து, நோயுள்ள கையைத் தரையை நோக்கித் தளரத் தொங்கவிடுங்கள். நிமிர்ந்து நிற்பவர் கையை முன்னே தோள்மட்டத்துக்கு உயர்த்தினால் உடலுக்கும் கைக்கும் இடையே எந்தக் கோணம் உண்டாகுமோ, ஏறக்குறைய அதே கோணம் இப்போது டெல்டாயிடு உழைக்காமலே, பூமியின் ஈர்ப்பினாலேயே கிடைத்துவிடுகிறது. அந்த நிலையில் உடலை மெல்ல அசைத்து, கை தானாகவே முன்னும் பின்னும், பிறகு சிறு வட்டமாகவும் ஊசலாடும்படி விடுங்கள். கையின் பலத்தால் வீசாதீர்கள். இலேசான இழுப்பு இருக்கலாம். சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று வேளை, சில நிமிஷங்கள் செய்தால் போதும். இதைப் பற்றியோ, வேறு எதைப் பற்றியோ சந்தேகம் கேட்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகே வரலாம், நான் இருக்கிறேன்.